ஓய்வால் மட்டும் ஆறாத காயம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயில், தாம்பரத்தை அடைவதற்குச் சற்று முன்னர் ஒரு நிலையத்தில் நிற்கிறது. தாம்பரம் சானடோரியம் என்பது அதன் பெயர். அன்றாடம் அவ்வழியே பயணம் செய்வோருள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கான ஆரோக்கிய இல்லம் நடத்திவந்த டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பார், தாயகம் திரும்பி 1928ஆம் ஆண்டில் இங்கே நிறுவிய இல்லமே அந்தச் சானடோரியம். நோயை வேரோடு களையும் மருந்து அந்நாளில் இல்லை. தூய காற்று, கதிரவன் ஒளி, நல்லுணவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு: இவையே மருந்துகள். 1937இல் அவ்வில்லத்தை அரசு ஏற்றுக்கொண்டது.

அதே 1937ஆம் ஆண்டில்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்க் காட்டை ஒட்டிய ஏறத்தாழ 365 ஏக்கர் நிலத்தில் வகுப்பறைகளோடு விளையாட்டுத் திடல்களும் எழுந்தன. இருப்புப்பாதைக்கு ஒருபுறம் அசையாமல் படுத்திருக்கக் கற்பித்த இல்லம். மறுபுறம் ஓடவும் பாயவும் கற்பித்த கல்லூரி. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நீண்ட வழக்கு மறைந்து கிடக்கிறது. காயமுற்ற விளையாட்டு வீரனுக்கு வேண்டியது ஓய்வா, பயிற்சியா என்பதே அவ்வழக்கு. அதன் வரலாற்றை, குறிப்பாக நம் சென்னை அதில் வகித்த பங்கை, இக்கட்டுரையில் காண்போம்.

ஒருமுறை விழுந்து கையை முறித்துக்கொண்டவனின் கதை எளிது. எலும்பைக் கட்டினால் கூடிவிடும். ஆனால் விழாமலே, அடிபடாமலே, நாள்தோறும் செய்யும் ஒரே அசைவால் ஒரே இடத்தில் வலி தோன்றி, ஓய்ந்தால் மறைந்து, ஆடினால் மீண்டும் தோன்றும் காயம் வேறு இனத்தது. ஆறு வாரம் படுத்திருந்து எழுந்தவன், ‘வலி போய்விட்டது’ என்று மகிழ்ந்து திடலுக்குச் செல்கிறான். மூன்றாம் வாரமே பழைய இடத்தில் பழைய வலி! ஏன்? ஓய்வு, முறிவை ஆற்றியது. முறிவை உண்டாக்கிய காரணத்தை அது தொடவேயில்லை. உடலின் ஒரு பக்கம் மிகையாக உழைத்து இறுகியும், மறு பக்கம் உழையாமல் நலிந்தும் இருந்த நிலை அப்படியேதான் இருந்தது. படுத்திருந்த காலத்தில் நலிந்தது மேலும் நலிந்திருக்கும்.

இந்த உண்மை புதிதன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராயிருந்த கேலன் அதனை ஒருவாறு உணர்ந்திருந்தார். நம் முன்னோர் ஜாலினூஸ் என்று வழங்கிய அதே கேலன்தான். சிறு பந்தைக் கொண்டு ஆடும் பயிற்சியைப் புகழ்ந்து அவர் தனி நூலே எழுதியுள்ளார். உடலின் எல்லா உறுப்புகளையும் ஒப்ப உழைக்கச் செய்யும் பயிற்சியே சிறந்தது என்பது அவர் கொள்கை. ஒரே துறையில் உடலைக் கசக்கும் தொழில்முறை மல்லர்களை அவர் கடிந்தே பேசினார்.

அவருக்குப் பின் வந்த அபூ அலி இப்னு சீனா (980–1037) இன்னும் நுணுக்கமாகச் சென்றார். 1025ஆம் ஆண்டளவில் அவர் முடித்த ‘அல்கானூன்’ மருத்துவப் பெருநூலின் முதற் பகுதியிலே உடற்பயிற்சி, உடல் தேய்ப்பு, பயிற்சிக்குப் பின் தோன்றும் அயர்ச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்கள் உள்ளன. பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தம் செய்யும் தேய்ப்பு வேறு, பயிற்சிக்குப் பின் இழந்ததை மீட்கும் தேய்ப்பு வேறு என்று அவர் பிரித்தார். அயர்ச்சியையும் அவர் ஒன்றாக எண்ணவில்லை. புண்பட்டது போல் தோன்றும் அயர்ச்சி, இழுத்துக் கட்டியது போன்ற அயர்ச்சி, வீங்கிக் காய்வது போன்ற அயர்ச்சி என வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவம் உரைத்தார். எல்லா வலிக்கும் ஒரே தைலத்தைத் தேய்க்கும் இற்றைநாள் வழக்கத்தைக் காணும்போது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பகுப்பின் அருமை விளங்கும்.

நம் நாட்டுப் பயில்வான்களும் ஏட்டில் படிக்காமலே இதனை அறிந்திருந்தார்கள். கர்லாக்கட்டை சுழற்றுவோரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: வலக்கையில் எத்தனை சுற்றோ, இடக்கையிலும் அத்தனை சுற்று. இந்த முறைமையைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று ‘இந்தியக் கட்டை’ என்ற பெயரில் உடற்பயிற்சிக் கூடங்களில் புகுத்தினார்கள். 1910இல் இலண்டன் சென்று ஸ்பிஸ்கோவுடன் மோதிய மாவீரர் காமா, இவ்வகை அகாடாப் பயிற்சியில் உருவானவரே. மல்யுத்தம் இரு கைகளையும் இரு கால்களையும் கேட்கும் கலை. அதனால் பயிற்சியும் இருபக்கமாய் அமைந்தது.

ஆனால் மேற்கிலிருந்து வந்த ஆட்டங்கள் அப்படியில்லை. கிரிக்கெட்டும் டென்னிஸும் உடலின் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்ப வேலை வாங்குவன. அவற்றை முறையாகக் கற்பிக்க அமெரிக்கரான ஹாரி குரோ பக், சைதாப்பேட்டைக்கும் அடையாற்றுக்கும் அருகே இன்று நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கினார். 1924இல் பாரீஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. அங்கே பயின்ற ஆசிரியர்கள் தென்னகப் பள்ளிகளெங்கும் பரவினர். உடற்பயிற்சி வகுப்பு என்று நம் தலைமுறை அறிந்ததன் ஊற்றுக்கண் அது. ஆயினும் காயத்தைப் பொறுத்தவரை, அக்கால ஆசிரியரின் கையிலிருந்தவை ஐஸ் கட்டி, துணிக்கட்டு, ‘ஓய்வெடு’ என்ற ஒரு சொல், இவ்வளவே. உலகெங்கும் அதுவே நிலை.

அந்த நிலையை மாற்றியது ஒரு மனிதரின் முதுகு என்றால் வியப்பாயிருக்கலாம். 1972இல் இங்கிலாந்து மண்ணில் 31 விக்கெட்டுகளை வீழ்த்தி உலகின் கவனத்தை ஈர்த்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, அடுத்த ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் முதுகு வலியால் முடங்கினார். கீழ் முதுகெலும்பில் மூன்று இடங்களில் மயிரிழை போன்ற முறிவுகள் காணப்பட்டன. மருத்துவர்கள் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று கூறுவது இதுதான். வயது 23. வேகப்பந்து வீச்சாளனாக அவர் கதை முடிந்தது என்றே பலர் முடிவு கட்டினர். மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் கழிந்தது.

பிறகு நடந்ததுதான் வரலாறு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அறிஞர் பிராங்க் பைக், லில்லியின் உடலை அளந்தார். எந்தத் தசை வலியது, எது மெலிந்தது, எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று கணக்கெடுத்துப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். மாதக்கணக்கில் ஓட்டமும், பளு தூக்கலும், வயிற்றுத் தசைப் பயிற்சியும் தொடர்ந்தன. லில்லி தம் பந்துவீச்சு முறையையும் மாற்றிச் செப்பனிட்டார். 1974–75இல் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியா வந்தபோது மீண்டும் களம் புகுந்து 25 விக்கெட்டுகள் எடுத்தார். 1984இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் இருந்த டெஸ்ட் விக்கெட்டுகள் 355. அந்நாளில் அதுவே உலக சாதனை. இவற்றுள் பெரும்பகுதி ‘முடிந்தது’ என்று சொல்லப்பட்ட முதுகுக்குப் பின்னர் கிடைத்தவை!

அந்த முதுகில் என்ன நேர்ந்தது என்பதைச் சற்று விரித்துரைப்பது நலம். வேகப்பந்து வீச்சாளன் ஓடிவந்து முன்காலைத் தரையில் ஊன்றும் கணத்தில், அவன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை அக்காலின் வழியே மேலேறுகிறது. அதே கணத்தில் அவன் முதுகு பின்னோக்கி வளைந்தும், பந்து வீசும் கைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்தும், முறுக்கேறியும் இருக்கிறது. மூன்று அசைவுகளும் ஒன்றுசேரும் இடம், முதுகெலும்பின் கீழ்க்கோடியில் உள்ள நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளின் பின்புறத்திலுள்ள குறுகலான பாலம் போன்ற பகுதி. வலக்கையால் வீசுபவனுக்குப் பெரும்பாலும் இடப்புறமும், இடக்கையால் வீசுபவனுக்கு வலப்புறமும் அது கீறுகிறது. எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறினால் தன்னைக் கரைத்துப் பின் வலுவாகக் கட்டிக்கொள்ளும். கரைப்பது முதலில், கட்டுவது பிறகு. இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்னிலும் மெலிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மேலும் மேலும் பந்து வீசினால் கீறலன்றி வேறென்ன விளையும்?

மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதனைத் தொடர்ந்து பயின்றார்கள். சராசரி வயது 17ஐ எட்டாத 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுதும் கவனித்து 1989இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பெற்றோரைத் திடுக்கிடச் செய்வது. நூற்றுக்கு 11 பேருக்கு முதுகெலும்பில் முறிவு. மேலும் 27 பேருக்கு முதுகுத் தசை, தசைநார்க் காயம். இடுப்பு ஒரு திசையும் தோள் வேறொரு திசையும் பார்க்க, நடுவில் முதுகை முறுக்கி வீசும் கலப்பு முறையே ஆபத்தானது என்று தெளிவாயிற்று. பக்கவாட்டில் நின்று வீசலாம், நேர்முகமாகவும் வீசலாம்; இரண்டையும் கலப்பதுதான் கேடு. பக்கவாட்டு நிலை ஒன்றே சரி என்று பழைய பயிற்சி நூல்கள் வற்புறுத்தியதால், இயல்பாக நேர்முகமாய் வீசிய பிள்ளைகள் தோளை மட்டும் வலிந்து திருப்பக் கற்றுக் கலப்பு முறையில் வீழ்ந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

தசைகளின் ஏற்றத்தாழ்வைப் பற்றிய அறிவு வேறொரு மூலையிலிருந்து வந்தது. செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாந்தா (1928–2002) பதினைந்தாம் வயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டவர். தசை நலிவு என்பதைத் தம் உடலிலேயே அறிந்தவர். சில தசைகள் இறுகும் இயல்பின, சில தளரும் இயல்பின என்று அவர் கண்டார். இடுப்பின் முன்புறத் தசையும் கீழ் முதுகுத் தசையும் இறுக, வயிற்றுத் தசையும் பிட்டத் தசையும் தளரும். வரைந்து பார்த்தால் குறுக்காகப் போட்ட கோடுகள் போல் அமையும். நாளெல்லாம் நாற்காலியில் அமரும் எழுத்தருக்கும் இதே கோலம், பயிற்சியில் முறைதவறிய வீரனுக்கும் இதே கோலம்! இறுகியதைத் தளர்த்தாமல் தளர்ந்ததை வலுவாக்க முயல்வது வீண் என்பது அவர் போதனை.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏற்றத்தாழ்வு அனைத்தும் நோயன்று. டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பே மறுகையினும் தடித்திருக்கும். அது உடல் தன் தொழிலுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டதன் அடையாளம். இளம் பந்துவீச்சாளர்களின் இடுப்புப் பக்கத் தசை, வீசும் கையின் புறம் பருத்திருப்பதற்கும் முதுகெலும்பு முறிவுக்கும் தொடர்புண்டு என்று 2007இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கூறியது. பின்னர் அதே நாட்டில் செய்யப்பட்ட ஆய்வு அத்தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே கண்ணாடி முன் நின்று இரு தோள்களும் ஒரே மட்டத்தில் இல்லையே என்று கலங்கும் இளைஞர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. வலி உண்டா, வலிமை குறைகிறதா, சுமை திடீரென ஏறியதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

லில்லியின் கதை நம் சென்னையைத் தொட்ட ஆண்டு 1987. எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ரவி மாம்மன் எடுத்த முயற்சியால் வேகப்பந்துப் பயிற்சிக் கழகம் ஒன்று உருவாகி, லில்லி அதன் தலைமைப் பயிற்சியாளரானார். தாம்பரத்துக்குக் கல்லூரி சென்ற பின் நகரிலேயே தங்கிவிட்ட கிறிஸ்தவக் கல்லூரிப் பள்ளியின் சேத்துப்பட்டுத் திடலே அதன் களம். 1983இல் இந்தியாவுக்காக ஆடிய சென்னை வீரர் டி.ஏ. சேகர் அவருக்குத் துணையாய் நின்றார். வேகப்பந்து வீச விரும்பி வந்த ஒரு பம்பாய்ச் சிறுவனை, ‘நீ மட்டையைப் பிடி’ என்று திருப்பியனுப்பியதும் இங்கேதான். அச்சிறுவன் சச்சின் டெண்டுல்கர்!

தன் முதுகை முறித்துக்கொண்டு, பின் அதைத் தானே கட்டியெழுப்பிய ஒருவர், இந்திய இளைஞர்களின் முதுகுகளுக்குப் பொறுப்பேற்றார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. பந்தை வீசக் கற்பிப்பதற்கு முன் உடலைக் கட்டக் கற்பிப்பது அங்கே விதியாயிற்று. ஸ்ரீநாத், ஜாகீர் கான், இர்பான் பதான், முனாஃப் படேல் எனப் பலர் அங்கே பயின்றவர்கள். 2012இல் லில்லி விலக, அங்கே இளமையில் பயிற்சி பெற்றிருந்த ஆஸ்திரேலியர் கிளென் மெக்ராத் பொறுப்பேற்றார். பயிற்சி காயத்தை அறவே ஒழித்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டா. 2011 உலகக் கோப்பையில் 21 விக்கெட்டுகள் எடுத்த ஜாகீர் கான், அதே ஆண்டு ஜூலையில் லார்ட்ஸ் திடலில் முதல் நாளே தொடைத்தசை இழுப்பால் வெளியேறியதை நாம் கண்டோம். அவர் இல்லாத இந்தியா அத்தொடரின் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது.

சென்னை மண்ணின் மைந்தர் லட்சுமிபதி பாலாஜியின் வரலாறு இவ்வகையில் உருக்கமானது. 1981இல் பிறந்த அவர், 2004ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் பயணத்தில் தம் பந்துவீச்சாலும் புன்னகையாலும் இரு நாட்டு மக்களின் உள்ளத்தையும் கவர்ந்தார். 2005 மார்ச்சில் மொகாலியில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகள். அதன் பின் முதுகெலும்பில் முறிவு. 23, 24 வயது, அதே கீழ் முதுகு. லில்லிக்கு நேர்ந்த அதே விதி. ஏறத்தாழ ஈராண்டுகள் பந்து வீசாமல் கழிந்தன. வேகப்பந்து வீச்சாளனுக்கு ஈராண்டு என்பது சாதாரணக் காலமா? தேர்வாளர் மறப்பார், ரசிகர் மறப்பார், புதிய கைகள் வந்து சேரும்.

பாலாஜி தம் பந்துவீச்சு முறையை மாற்றிக்கொண்டு திரும்பினார். வேகம் முன்போல் இல்லை. அதற்கு ஈடாக, வேகத்தைக் குறைத்து மட்டையாளரை ஏமாற்றும் பந்தைத் தேர்ந்தார். 2008 மே 10ஆம் நாள் சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக அவர் 24 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் மூன்று, அடுத்தடுத்த பந்துகளில். ஐ.பி.எல். போட்டிகளின் முதல் ‘ஹாட்ரிக்’ அது. 2009இல் இந்திய ஒருநாள் அணிக்கும், 2012இல் இருபது ஓவர் உலகக் கோப்பைக்கும் அழைக்கப்பட்டார். முதுகைக் காத்துக்கொள்ளக் கற்ற வீரன் புதிய கலைஞனாகத் திரும்பிவந்தான் எனலாம். ஆனால் ஐந்து நாள் ஆட்டத்தின் நெடுஞ்சுமை அவருக்கு மீண்டும் கிட்டவேயில்லை. 8 டெஸ்டுகள், 27 விக்கெட்டுகள். 2005இல் நின்ற கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

இன்றைய பெரும் வீரர் ஜஸ்பிரீத் பும்ராவுக்கும் 2019இலும் 2022இலும் முதுகுக் காயம் நேர்ந்தது. 2023இல் நியூசிலாந்தில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பினார். அத்தகையோருக்கு எம்.ஆர்.ஐ. படம் உண்டு. எலும்பு கீறுவதற்கு முன்பே அது நீர்கோத்து வருந்துவதை அப்படம் காட்டிவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் இது தென்படுவதில்லை. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையத்தில் உடலெங்கும் புள்ளிகள் ஒட்டிக் கேமராக்களால் ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் அளக்கிறார்கள். பந்து எறிவதாகக் குற்றம் சாட்டப்பட்ட பாகிஸ்தான் வீரர்கள் சயீத் அஜ்மலும் முகம்மது ஹஃபீஸும் 2015இல் தம் முழங்கைக் கோணத்தை அளந்துகொள்ள வந்தது இந்தப் புறநகருக்குத்தான். முழங்கையின் 15 பாகை வரம்பை அளக்கும் அத்தகைய கருவிகளே இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட முறுக்கையும் அளக்க வல்லவை.

இவ்வளவும் யாருக்கு? இதுவே இக்கட்டுரையின் உள்ளத்தை உறுத்தும் வினா. பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் ஆகிய ஊர்களில் ஒரு வெற்றிடம் கிடைத்தால் அங்கே மூன்று குச்சிகள் முளைக்கின்றன. அஸர் தொழுகைக்குப் பின் வீட்டை விட்டுச் செல்லும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை பந்து வீசுகிறான். தெருவணிக்கு மாலையில், பள்ளி அணிக்குக் காலையில், பயிற்சிக் கழகத்துக்கு ஞாயிறன்று. மூன்று இடத்திலும் அவனே வேகமானவன்; ஆகவே மூன்று இடத்திலும் அவனே முதல் ஓவரும் கடைசி ஓவரும். கரடுமுரடான தரையில், தேய்ந்த செருப்போடும் சில வேளை வெறுங்காலோடும் ஊன்றும் அந்த முன்காலின் வழியே ஏறும் விசையை யார் அளப்பது? மூவரும் தத்தம் கணக்கை மட்டுமே அறிவார்கள். மொத்தக் கணக்கை அறிந்தது அவன் முதுகெலும்பு ஒன்றே. அதுவோ இருபது வயதைக் கடந்தும் முழுமையாக இறுகி முதிராத எலும்பு.

பிள்ளை முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கிறது? வளரும் பிள்ளைக்கு வலி வரத்தான் செய்யும் என்பார் பாட்டியார். தைலம் தேய்க்கப்படும். வலி தணியாவிடில் சென்னைப் புறநகரெங்கும் பலகை தொங்கும் புத்தூர்க் கட்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்கள். கை கால் முறிவுக்கு அக்கட்டால் நலம் பெற்றதாகச் சொல்வோர் பலருண்டு. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் முதுகெலும்பின் உள்ளே விழுந்த கீறலுக்குக் கட்டுப் போட இடமேது? தேர்வுப் போட்டி நெருங்குகையில் வலியை மறைக்கும் பிள்ளைகளே மிகுதி. சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம். அவன் மறைப்பதை வீரம் என்று நாமும் மெச்சுகிறோம்!

பின்னோக்கி வளையும்போது, பந்து வீசும் கைக்கு எதிர்ப்புறத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி வந்து சில நாட்கள் நீடித்தால் அது தசைப்பிடிப்பு என்று ஒதுக்கத் தக்கதன்று. எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டிய வலி அது. உரிய காலத்தில் கண்டால் சில மாதங்கள் பந்து வீசாதிருந்து, அக்காலத்தில் இடுப்பையும் வயிற்றையும் பிட்டத்தையும் முறையாக வலுவாக்கி, பிறகு படிப்படியாகப் பந்துகளின் எண்ணிக்கையை ஏற்றித் திரும்பிவிடலாம். இளம் எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். காலம் கடந்தால் கூடாமலே நிலைத்துவிடுவதும் உண்டு.

இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் இதற்கென ஒரு விதி வகுத்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளன் தொடர்ந்து 5 ஓவர்களுக்கு மேலும், ஒரு நாளில் 10 ஓவர்களுக்கு மேலும் வீசலாகாது. பதினைந்து வயதுவரை அவ்வரம்பு 6, 12 ஓவர்கள். முதிர்ந்த வீரர்க்கும் வரம்பு உண்டு: ஒரே ஆட்டத்தில் 50 ஓவர்களுக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாட்களில் காயம் மிகுதியாக நேர்ந்ததை ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. சுமை ஏறிய அன்றே உடல் முறையிடுவதில்லை. சில வாரம் கழித்தே அது கடனை வசூலிக்கிறது. அதனால்தான் காரணத்தையும் விளைவையும் நாம் இணைத்துப் பார்ப்பதில்லை.

குரோம்பேட்டையைக் கடக்கையில் ஒரு நினைவு. அங்குள்ள எம்.ஐ.டி. கல்லூரியில் 1950களில் விமானப் பொறியியல் பயின்ற டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், பின்னாளில் ஏவுகணைக்கென உருவான இலகுவான பொருளைக் கொண்டு, கால் நலிந்த சிறுவர்கள் அணியும் சுமார் மூன்று கிலோ எடையுள்ள தாங்கியை 300 கிராமாகக் குறைக்கச் செய்தார். தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவார். நலிந்த தசை மீது ஏறும் சுமையைக் கணக்கிட்டுக் குறைப்பதும் மருத்துவமே என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டுமா?

தாம்பரம் வட்டாரம் இன்று வெறுங்கையோடு இல்லை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது அது; உடற்கல்வியோடு விளையாட்டு அறிவியலும் அங்கே பாடம். ஓய்வே மருந்தென்று தொடங்கிய அதே சானடோரியம் பகுதியில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. வர்மமும், தொக்கணம் என்னும் உடல் தேய்ப்பு முறைகளும் சித்த மருத்துவத்தின் உறுப்புகள். இறுகிய தசையைத் தளர்த்த அவை உதவலாம்; எலும்புக் கீறலை ஆற்றும் வேலையை அவற்றிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் துணிபு. படம் எடுத்துக் காரணம் அறிந்த பின்னரே தேய்ப்பு.

இப்பல்கலைக்கழகத்துக்கும் அந்த மருத்துவ நிறுவனத்துக்கும் இடைப்பட்ட தொலைவு சில கல் மட்டுமே. அவ்விடைவெளியில்தான் மேற்சொன்ன திடல்கள் கிடக்கின்றன. பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு நோட்டுப் புத்தகமும், பிள்ளை இன்று எங்கெங்கே எத்தனை பந்து வீசினான் என்று கேட்கும் வழக்கமும் இருந்தால் போதும். போரூர்க் கேமராக்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 10 ஓவர் என்பது 60 பந்து. அறுபது வரை எண்ணத் தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்தாலும் போதும்.